காம்பவுண்ட் சுவருக்கு எந்தப் பக்கம்? கிண்டி, தாம்பரம், ஒரு சுற்றுச்சூழல் படிப்பின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



இன்னிக்கு ஒரு வீட்டுலேருந்து ஆரம்பிக்கலாம். கற்பனை வீடுதான். ஆனா வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டுல போய் வர்றவங்களுக்கு இந்த வீடு தெரிஞ்ச வீடு மாதிரியே இருக்கும்.

ஒரகடத்துலேருந்து கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கு. தாத்தா ஏரித் தண்ணியில நெல்லு போட்டவர். அப்பா கம்பெனி பஸ் ஏறி ஷிஃப்ட்டுக்குப் போறவர். பொண்ணு பிளஸ் டூ, பயாலஜி-மேத்ஸ் குரூப். "என்விரான்மென்ட் சம்பந்தமான வேலைக்குத்தான் போவேன்"னு நிக்கறா. அவ முன்னாடி ரெண்டு வழி இருக்கு. கவுன்சலிங்ல கிண்டியில சிவில் கிடைக்கலாம், அது அண்ணா பல்கலைக்கழகம். இல்லேன்னா தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில தாவரவியல், அது சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம்.

அப்பா சொல்றார்: "சிவில்னா எங்கயாவது வேலை கிடைச்சிடும்மா." பயாலஜி டீச்சர் சொல்றாங்க: "ஏரி, செடி, பறவைன்னு அலையிற பொண்ணு, சைட்டுல போய் கம்பி எண்ணிக்கிட்டு இருக்கணுமா?"

கட்-ஆஃப், ஃபீஸ், பிளேஸ்மென்ட்னு இதுக்குப் பதில் சொல்ல நூறு வீடியோ இருக்கு. நாம வழக்கம்போல வரலாற்றுப் பக்கமாப் போவோம். காரணம் இருக்கு. 1978 வரைக்கும் கிண்டியில படிச்சவங்களுக்கும் தாம்பரத்துல படிச்சவங்களுக்கும் பட்டம் கொடுத்தது ஒரே பல்கலைக்கழகம். இந்த ரெண்டு வழியும் எங்கே பிரிஞ்சது, எங்கே திரும்ப மோதிக்கிச்சுன்னு தெரிஞ்சா, தேர்வு கொஞ்சம் சுலபமாகும்.

ஆறு பேர், 360 நாள், ஒரு ஏரி

ஸ்ரீபெரும்புதூர் இருக்கும் அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் உத்திரமேரூரும் இருக்கிறது. அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உண்டு. ஒன்று கி.பி. 919, மற்றது 921. குடவோலை முறைன்னு ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணினோமே, அதேதான்.

ஆனால் அந்தக் குடத்தில் சீட்டுப் போட்டு யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நாம் கவனித்திருக்க மாட்டோம். பல வாரியங்கள் இருந்தன. தோட்ட வாரியம், பொன் வாரியம், அவற்றோடு ஏரி வாரியம். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். பதவிக்காலம் 360 நாள்.

தகுதிப் பட்டியலும் கல்லிலேயே இருக்கிறது. 921-ம் ஆண்டுக் கல்வெட்டின்படி வயது 35-க்கு மேல், 70-க்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் சொந்த நிலம். சொந்த மனையில் வீடு. வேதக் கல்வி. ஏற்கெனவே வாரியத்தில் இருந்து கணக்கு காட்டாதவர் வரக்கூடாது, அவருடைய உறவினர்களும் வரக்கூடாது.

கொஞ்சம் நின்னு பாருங்க. ஒரு நீர்நிலையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு, 1,100 வருஷத்துக்கு முன்னாடி எழுதின தகுதிப் பட்டியல் இது. இதுல பாராட்ட ஒரு விஷயம் இருக்கு: கணக்கு காட்டாதவனுக்கு இடமில்லை. கேள்வி கேட்கவும் ஒரு விஷயம் இருக்கு. நிலம் இல்லாதவர், வேதம் படிக்க அனுமதி இல்லாதவர், பெண்கள், யாருக்கும் அந்தக் குடத்தில் சீட்டு கிடையாது. ஏரியில் இறங்கி மண் வெட்டியவர்களுக்கு ஏரியைப் பற்றிப் பேச இடமில்லை. நம்ம கற்பனைப் பொண்ணு அன்னிக்குப் பிறந்திருந்தா, அப்ளிகேஷனே போட முடியாது.

சங்கிலி பிடித்த பையன்கள்

அங்கிருந்து ஒரே தாவலாக 18-ம் நூற்றாண்டுக்கு வருவோம். 1763-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கையில் வந்த நிலத்தில் என்ன இருக்கிறது என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டும், வரி போட வேண்டுமே. தாமஸ் பர்னார்ட் என்பவர் 1767 முதல் 1774 வரை சுமார் 2,000 கிராமங்களை அளந்து பதிவு செய்தார். ஊர் எல்லை, ஏரி, காடு, வீடு, யாருக்கு எவ்வளவு மானியம் என்றெல்லாம் அதில் உண்டு.

அளக்க வேண்டிய நிலம் நிறைய, அளக்கத் தெரிந்த ஆள் குறைவு. அதனால் 1794-ல், வானியலாளரும் நில அளவையாளருமான மைக்கேல் டாப்பிங்கின் யோசனைப்படி, மதராஸில் ஒரு சர்வே பள்ளி தொடங்கியது. முதலில் எட்டு மாணவர்கள். சங்கிலி பிடித்து அளக்கவும் வரைபடம் போடவும் கற்றார்கள். அந்தச் சின்னப் பள்ளிதான் 1859-ல் பொறியியல் கல்லூரி ஆனது. 1920-ல் கிண்டிக்குப் போனது.

அதாவது, கிண்டியின் பிறவிக்குணம் அளப்பது. இந்த மடையில் எவ்வளவு தண்ணீர் போகும், இந்தக் கரை எவ்வளவு தாங்கும், எங்கே கலங்கல் வைக்கணும். "இங்கே என்ன செய்யலாம்?" என்பதுதான் அதன் கேள்வி. சுற்றுச்சூழல் என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே நகரத்துக் குடிநீரும் சாக்கடையும் சிவில் இன்ஜினியர்களின் வேலையாக இருந்தது இதனால்தான்.

தாம்பரத்துப் புதர்க்காடு

மற்ற வழிக்கு வருவோம். 1837-ல் தொடங்கிய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, சரியாக நூறு வருஷம் கழித்து 1937-ல் நகரத்தை விட்டுத் தாம்பரத்துக்கு இடம் மாறியது. சுமார் 365 ஏக்கர். அப்போது அது வெறும் புதர்க்காடு.

அந்த வளாகத்தில் மரம் வளர்த்தவர்களில் முக்கியமானவர் எட்வர்ட் பார்ன்ஸ். அவர் தாவரவியல் பேராசிரியர் இல்லை, வேதியியல் பேராசிரியர். பாடம் நடத்தியது ஆய்வகத்தில், மனசு இருந்தது காட்டில். தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி எழுதினார். மனைவி ஆலிஸோடு சேர்ந்து வளாகத்தில் மரங்கள் நட்டார். 1941-ல் இறந்தார். மரங்கள் இன்னும் நிற்கின்றன.

அதே கல்லூரியில் பிற்காலத்தில் கிஃப்ட் சிரோமணி இருந்தார். அவர் கணிதமும் புள்ளியியலும் நடத்தியவர். தாம்பரம் பகுதியின் நீர்ப்பறவைகளைக் கவனித்துக் குறிப்புகள் எழுதினார். எந்தப் பறவை எங்கே வருதுன்னு எழுதி வைக்கிறதுல என்ன பிரயோஜனம்னு அன்னிக்கு யாராவது கேட்டிருக்கலாம். இன்னிக்கு அந்த ஏரிகளுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டா, ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு இருக்கிறது அந்த மாதிரிக் குறிப்புகள்தான்.

தாம்பரத்தின் கேள்வி இதுதான்: "இங்கே என்ன இருக்கு? முன்னாடி என்ன இருந்தது?" இன்னொரு விஷயமும் கவனிச்சுக்கங்க. இந்த ரெண்டு பேருமே தன் மேஜரைத் தாண்டிப் போனவங்க. ஒருத்தர் வேதியியல், ஒருத்தர் புள்ளியியல்.

கிண்டியில் மூவர், மதுரவாயலில் ஒருவர்

பெண்களுக்கு இந்தக் கதவுகள் எப்போது திறந்தன? கிண்டியில் 1940-ல் ஏ. லலிதா சேர்ந்தார், மின் பொறியியல். அவரைத் தொடர்ந்து பி.கே. த்ரேசியாவும் லீலம்மா ஜார்ஜும் சிவிலில் சேர்ந்தார்கள். த்ரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். மூவருக்கும் பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம்.

அறிவியல் பக்கம் ஒருவர் முன்பே வந்துவிட்டார். தலச்சேரியில் 1897-ல் பிறந்த இ.கே. ஜானகி அம்மாள், மதராஸில் ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் தாவரவியல் படித்தார். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-ல் டாக்டர் பட்டம். கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி, பிறகு இங்கிலாந்து. 1951-ல் நேருவின் அழைப்பில் திரும்பி வந்து, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைத்தார்.

கடைசிக் காலத்தில் அவர் எங்கே இருந்தார் தெரியுமா? மதுரவாயலில், சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் கள ஆய்வகத்தில். இன்னிக்கு ஸ்ரீபெரும்புதூர் போற பஸ் எல்லாம் டிராஃபிக்ல நிக்கிற அதே மதுரவாயல். எண்பது வயதில் அங்கிருந்தபடியே சைலன்ட் வேலி காட்டுத் தாவரங்களின் குரோமோசோம் ஆய்வில் ஈடுபட்டிருந்தார்.

சைலன்ட் வேலியில் ரெண்டு வழியும் நேருக்கு நேர் மோதின. கேரளத்தில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே நீர்மின் அணை கட்ட மின்வாரியம் திட்டமிட்டது. மழைக்காடு முழுகும் என்று உயிரியலாளர்கள் எதிர்த்தார்கள். கேட்டால் "இன்ஜினியர் வில்லன், பாட்டனிஸ்ட் ஹீரோ" கதை மாதிரிதான் இருக்கும். நடந்தது அப்படியில்லை.

விவாதத்தைத் திருப்பியதில் முக்கியப் பங்கு, கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் வெளியிட்ட ஓர் அறிக்கைக்கு உண்டு. அதை எழுதிய குழுவில் தாவரவியலாளர் எம்.கே. பிரசாத் இருந்தார். கூடவே எம்.பி. பரமேஸ்வரன், வி.கே. தாமோதரன் ஆகிய பொறியாளர்கள், ஒரு வேளாண் அறிவியலாளர், ஒரு பொருளாதார அறிஞர். காட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு பக்கம் சொன்னது. அணை இல்லாமல் மின்சாரத்துக்கு என்ன வழி என்று இன்னொரு பக்கம் கணக்குப் போட்டது. முதல் பாதி மட்டும் இருந்திருந்தால் அது கவிதையாகப் போயிருக்கும்.

திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் சைலன்ட் வேலி தேசியப் பூங்கா ஆனது. அதற்கு ஒன்பது மாதம் முன்பு, பிப்ரவரியில், ஜானகி அம்மாள் இறந்திருந்தார்.

1978: வழி பிரிந்த வருஷம்

1978 செப்டம்பரில் கிண்டிப் பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி ஆகிய நான்கையும் இணைத்து அண்ணா பல்கலைக்கழகம் உருவானது. அதே வருஷம் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி ஆனது, சென்னைப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே.

நிர்வாகத்துக்கு இது வசதி. ஆனால் பொறியியல் ஒரு பல்கலைக்கழகத்திலும், தாவரவியல், விலங்கியல், நிலவியல் எல்லாம் இன்னொன்றிலும் போய் உட்கார்ந்தன. ஆற்றுக்கு அணை கட்டப் படிக்கிறவனும் ஆற்றுமீனைப் படிக்கிறவனும் ஒரே கேன்டீன்ல டீ குடிக்கிற வாய்ப்பு குறைஞ்சு போச்சு. கவுன்சலிங் நேரத்தில் நம்ம வீடுகளில் நடக்கும் சண்டைக்குப் பாதிக் காரணம் இந்தப் பிரிவினைதான் என்பது என் கட்சி.

இதே காலத்தில்தான் "சுற்றுச்சூழல் வேலை" என்ற ஒன்றே உருவாகிறது. அதை உருவாக்கியது சட்டம். 1974-ல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1981-ல் காற்றுக்கு, 1982 பிப்ரவரியில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். 1984-ல் போபால் நடந்தது, அதற்குப் பின் 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். ஒரு தொழிற்சாலை தொடங்க ஒரு அனுமதி, ஓட்ட ஒரு அனுமதி. ஒவ்வோர் அனுமதிக்கும் யாரோ ஒருவர் அளக்க வேண்டும், யாரோ ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த "யாரோ ஒருவர்"தான் உங்க வேலை.

1996: ஒரு தீர்ப்பு, ஓர் அடிக்கல்

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் பக்கம் போனால் பாலாறு. அதே ஆற்றில் மேலே போனால் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி. தோல் பதனிடும் ஊர்கள். கழிவுநீர் நிலத்திலும் ஆற்றிலும் கலப்பதை எதிர்த்து, வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும், பாதிப்பு உறுதியாகும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எல்லாரும் படிக்கும் தீர்ப்பு, பாலாற்றங்கரையிலிருந்து போனது.

அந்தத் தீர்ப்பில் ஓர் எண் வருகிறது. தோல் தொழில் பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது. அதைச் சொன்னது யார்? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கெடுப்பு. மண்ணைத் தோண்டி எடுத்து உப்பு பார்த்த ஆட்கள்.

சரி, தெரிந்துவிட்டது. அடுத்தது? பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் வர வேண்டும். அது இன்ஜினியர் வேலை. இங்கே ஒரு நுட்பம் இருக்கு. நுண்ணுயிர்களை வைத்துக் கழிவைத் தின்ன வைக்கும் வழக்கமான சுத்திகரிப்பு, தண்ணீரில் கரைந்த உப்பைத் தொடாது. நாற்றம் போகும், நிறம் குறையும், உப்பு அப்படியே ஆற்றுக்குப் போகும். உப்பைப் பிரிக்க சவ்வு வடிகட்டி வேண்டும். வடிகட்டியபின் மிஞ்சும் கடும் உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். அதற்குப் பணமும் மின்சாரமும் வேண்டும். மண்ணில் உப்பைப் பார்த்தவரும் குழாயில் உப்பைப் பிடிப்பவரும் பேசிக்கொள்ளாவிட்டால் ஆறு தோற்கும்.

அந்த வழக்கில் வாதாடியவர் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா. அவரை நீங்க வேற விதத்துல சந்திச்சிருக்கீங்க. காலேஜ்ல எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரு ஈ.வி.எஸ். பேப்பர் வெச்சாங்களே, முந்தின நாள் ராத்திரி மட்டும் படிச்சு பாஸ் பண்ணினோமே. அந்தப் பேப்பர், அவர் தொடுத்த இன்னொரு வழக்கில் 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவிலிருந்து வந்தது.

இப்போ அதே 1996-ன் இன்னொரு சம்பவம். தீர்ப்பு வந்து நான்கே மாதத்துக்குள், டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலைக்கு அடிக்கல். 1998-ல் முதல் கார். 2006-ல் நோக்கியா வந்தது, 2014-ல் மூடியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான். சிப்காட் பூங்காக்கள் ஏரிகளுக்கு நடுவே வரிசை கட்டின.

பாலாற்றுப் பாடத்துக்குப் பிறகு வந்த தொழிற்பகுதி இது. அதனால் கம்பெனிக்குள்ளேயே நம்ம வேலை உண்டு. கார் தொழிற்சாலையில் பெயின்ட் ஷாப்பை எடுத்துக்கங்க. அங்கிருந்து வரும் தண்ணீரில் பாஸ்பேட், பெயின்ட் துகள், சில உலோகங்கள். இ.டி.பி.யில் அமிலத்தன்மையைச் சரிசெய்து, படிய வைத்து, கீழே தங்கும் சேற்றைப் பிழிந்து, அபாயக் கழிவாகக் கணக்கில் எழுதி, கும்மிடிப்பூண்டியில் அதற்கான இடத்துக்கு அனுப்ப வேண்டும். கேன்டீன், கழிவறைத் தண்ணீருக்குத் தனியாக எஸ்.டி.பி. இதெல்லாம் சுவருக்கு உள்ளே. பெரும்பாலும் சிவில், கெமிக்கல், என்விரான்மென்டல் இன்ஜினியர்கள் வேலை.

சுவருக்கு வெளியே

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. இந்த ஏரிக்கு ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரி வந்து சேரும். ஆனால் அடையாறு பெருகியது அந்தத் தண்ணீரால் மட்டும் இல்லை. ஒரகடம், படப்பை, மணிமங்கலம் பக்கத்துத் தண்ணீர் செம்பரம்பாக்கத்தைத் தொடாமலே அடையாற்றில் இறங்குகிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்த வழியில் முழுகின. செம்பரம்பாக்கத்து உபரி, திருநீர்மலை அருகேதான் ஆற்றோடு சேர்கிறது.

2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, அந்த வெள்ளத்தை மனிதர்கள் உருவாக்கிய பேரிடர் என்றது. அதற்கு அடுத்த வருஷம், 2019 ஜூனில், அதே செம்பரம்பாக்கம் வறண்டு வெடித்துக் கிடந்தது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது.

நாலு வருஷத்துல ஒரே ஏரி ரெண்டு விதமா நம்மளைப் பிடிச்சு உலுக்கிடுச்சு. ஷட்டரை எப்போ, எவ்வளவு திறக்கணும்ங்கறது கிண்டிக் கேள்வி. மேலே இருக்கிற சின்ன ஏரிகள், அவற்றை இணைக்கிற வாய்க்கால்கள், மேய்க்கால் புறம்போக்கு, புதர்க்காடு, இதெல்லாம் முன்னாடி எப்படி இருந்தது, இப்போ எவ்வளவு மிச்சம்ங்கறது தாம்பரத்துக் கேள்வி. ஒவ்வொரு கம்பெனியும் தன் சுவருக்குள்ள எல்லா விதியையும் சரியாப் பின்பற்றினாலும், சுவர்களுக்கு நடுவுல தண்ணி எங்கே போகும்னு யாராவது பார்த்தாகணும். அந்த ஆள் பற்றாக்குறைதான் இந்தப் பகுதியோட பெரிய பற்றாக்குறைன்னு நான் நினைக்கிறேன்.

அப்போ, அந்தப் பொண்ணு என்ன பண்ணலாம்?

வரலாற்றை வெச்சு நாலு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு: ரெண்டு வழிக்கும் வாசல் இருக்கு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலேயே உதவிப் பொறியாளர் என்று ஒரு பதவி, சுற்றுச்சூழல் அறிவியலாளர் என்று ஒரு பதவி. இந்திய வனப்பணித் தேர்வைத் தாவரவியல் படித்தவரும் எழுதலாம், பொறியியல் படித்தவரும் எழுதலாம். 2006-ம் ஆண்டு அறிவிக்கையின் கீழ் நடக்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கு அங்கீகாரம் பெற்ற ஆலோசகர்கள் வேண்டும். அதில் நிபுணர்களைப் பன்னிரண்டு துறையாகப் பிரித்திருக்கிறார்கள்: காற்று, நீர், திடக்கழிவு, நிலத்தடி நீர், மண், உயிர்ப்பன்மை, சமூகப் பொருளாதாரம் இப்படி. பன்னிரண்டையும் ஒரே டிகிரி கொடுக்காது.

ரெண்டு: வாசல்கள் ஒரே உயரத்தில் இல்லை. இதை மறைக்கக் கூடாது. பி.இ. முடித்தால் நாலு வருஷத்தில் ஒரு வேலைக்குத் தகுதி வரும். பி.எஸ்சி. தாவரவியல் மட்டும் போதாது. சுற்றுச்சூழல் அறிவியலாளர் பதவிக்கு முதுநிலைப் பட்டம் கேட்பார்கள். மூணும் ரெண்டும் அஞ்சு வருஷம். சில சமயம் ஆராய்ச்சிப் படிப்பும் சேரும். அதுவரை வீடு தாங்குமாங்கறது கௌரவமான கேள்வி. அப்பா கேட்கறது பயத்துல இல்ல, கணக்குல.

மூணு: திரும்பி வரும் பாதையும் ஒரே மாதிரி இல்லை. சிவில் படித்தவர் பிறகு வனவிலங்கு உயிரியல் மாதிரிச் சில முதுநிலைப் படிப்புகளில் சேர முடியும். தாவரவியல் படித்தவர் எம்.இ. சுற்றுச்சூழல் பொறியியலுக்குப் போக முடியாது, பி.இ. கேட்பார்கள். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கு. ஒரு புல்லைப் பார்த்துப் பெயர் சொல்ல, ஒரு ஏரியின் சேற்றைப் பார்த்து அதன் கதை சொல்லக் கண் பழக வருஷக்கணக்கில் ஆகும். அந்தக் கண்ணை இருபத்தஞ்சு வயசுக்கு மேல வாங்கறது கஷ்டம்.

நாலாவது, எனக்கு முக்கியமாப் படறது. இன்னிக்குப் பார்த்தவங்களை ஞாபகம் வெச்சுக்கங்க. மரம் வளர்த்த வேதியியல்காரர். பறவை பார்த்த புள்ளியியல்காரர். காட்டுக்காக மின்சாரக் கணக்குப் போட்ட பொறியாளர்கள். யாருமே சுவருக்கு ஒரே பக்கம் நிக்கல. ஆனா எல்லாருமே ஒரு பக்கத்துல நல்லாக் கால் ஊன்றிட்டுத்தான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாங்க.

என்னைக் கேட்டா இப்படிச் சொல்வேன். நாலு வருஷத்துல சம்பளம் வீட்டுக்கு அவசியம்னா, கிண்டி சிவில். தயங்க வேண்டாம். ஆனா ஊர் ஏரிக்கு மாசம் ஒரு தடவை போ. தண்ணி எவ்வளவு, எந்தப் பறவை, எந்தச் செடின்னு ஒரு நோட்டுல தேதி போட்டு எழுது. நாலு வருஷம் கழிச்சு அந்த நோட்டுக்கு உன் டிகிரி அளவுக்கு மதிப்பு இருக்கும். அஞ்சாறு வருஷம் வீடு தாங்கும்னா, ஏரியைப் பார்த்தா உனக்கு வர்ற கேள்வி "இது என்ன?"ங்கறதா இருந்தா, தாம்பரம். ஆனா புள்ளியியலையும் வரைபட சாஃப்ட்வேரையும் விடாதே. ஒரு படிவத்தை, ஒரு சுத்திகரிப்பு நிலையத்தோட வரைபடத்தை வாசிக்கக் கத்துக்கோ. எண் இல்லாத அக்கறையை ஹியரிங்ல கேட்டுட்டு, டீ கொடுத்து அனுப்பிடுவாங்க.

உத்திரமேரூர்க் கல்வெட்டுல இன்னிக்குச் செல்லாத விதி நிறைய. நிலம் வேண்டாம், வேதம் வேண்டாம், 35 வயசு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஆனா கணக்கு காட்டாதவனுக்கு ஏரியில் வேலை இல்லைங்கற ஒரு விதி மட்டும் இன்னும் அப்படியேதான் இருக்கு. அந்தப் பொண்ணு எந்தக் காலேஜ் பஸ்ல ஏறினாலும் அதைக் கையில வெச்சுக்கட்டும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். உங்க ஊர் ஏரிக்கு என்ன பேருன்னு, அதுல இப்போ தண்ணி இருக்கான்னு, அதுக்குள்ள ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வாங்க.